உள்ளே வைக்கும் மரம்

போன அக்டோபரில் ஒரு வில்லுக்குச் சொல்லிவைத்தேன். 62 அங்குலம், கழற்றி மாட்டக்கூடிய ரீகர்வ், என் 27 அங்குல இழுப்பில் 40 பவுண்ட் இழுவிசை வர வேண்டும். கைப்பிடிக்கு வால்நட் என்பது அரை நிமிடத்தில் முடிவாகிவிட்டது. அப்புறம் வில் செய்பவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "சரி, லிம்புக்கு உள்ளே என்ன மரம் வைக்கட்டும்?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் கேட்டதும் படித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்ததும்தான் இந்தப் பதிவு. முதல்முறையாகச் சொல்லிச் செய்துவாங்குகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் இடம் இதுதான் என்று அவரே சொன்னார்.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகனில். வில் பிடித்த ஊர் இது. வில் தயாரிப்பில் பெயர்பெற்ற ஃபிரெட் பேர் 1947இல் இங்குள்ள கிரேலிங் என்ற சின்ன ஊரில் தன் வில் தொழிற்சாலையை நிறுவினார். 1978இல் அது ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டாலும், கைப்பழக்கம் இங்கேயே தங்கிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையும் ஒரு பேண்ட் சா ரம்பமும் ஒரு சூட்டுப் பெட்டியும் வைத்துக்கொண்டு வருடத்துக்குப் பத்துப் பதினைந்து வில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லிவைத்ததும் அப்படி ஒருவரிடம்தான்.

லிம்ப் என்பது வில்லின் வளையும் கை. கைப்பிடிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. ரீகர்வ் என்றால் அதன் நுனி வில்லாளியைவிட்டு வெளிப்பக்கமாகத் திரும்பி வளைந்திருக்கும். இன்றைய லிம்பை வெட்டிப் பார்த்தால் ஒரு சாண்ட்விச் மாதிரி இருக்கும்: முன்னும் பின்னும் ஃபைபர் கிளாஸ் என்ற கண்ணாடி நார்த் தகடு, நடுவில் இரண்டு மூன்று மரப் பட்டைகள், எல்லாவற்றையும் எப்பாக்சிப் பசை பிடித்துக்கொண்டிருக்கும். மரப் பட்டைகளில் ஒன்றாவது நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும், பெரும்பாலும் ஒரு அங்குல நீளத்துக்கு 0.002 அங்குலம் என்ற கணக்கில். அச்சில் வைத்து, காற்றுக் குழாயால் அழுத்தி, சூட்டுப் பெட்டியில் சில மணி நேரம் வேகவைத்து எடுத்தால் லிம்ப். அந்த நடுப் பட்டைகளை இங்கே கோர் என்பார்கள். நான் உள்மரம் என்றே எழுதுகிறேன்.

எந்த மரம் என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பெயர் யூ. அடுத்தது ஓசேஜ் ஆரஞ்சு. நானும் யூ என்றுதான் மனதுக்குள் வைத்திருந்தேன். இங்கிலாந்தின் நெடுவில்லுக்கு அதுதான் மரம். மரத்தின் வெளிப்பக்கத்து வெளிறு இழுவிசையைத் தாங்கும், நடுப்பக்கத்து வைரம் அமுக்கத்தைத் தாங்கும், இரண்டும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து இருக்கும். வில்லுக்கென்றே வளர்ந்ததுபோல. ஓசேஜின் கதையும் அதே மாதிரிதான். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்க்கன்சா பக்கத்து மரம். அங்கே வந்த பிரெஞ்சுக்காரர்கள் ஓசேஜ் என்ற பழங்குடி மக்கள் அதில் வில் செய்வதைப் பார்த்து 'புவா தார்க்' என்றார்கள். வில் மரம் என்று பொருள். அது உள்ளூர் நாக்கில் 'போடார்க்' ஆகி இன்றும் வழங்குகிறது. பழைய நார்ஸ் மொழியில் 'ஈர்' என்றால் யூ மரமும்தான், வில்லும்தான். நம் மொழியிலும் சிலை என்ற பழஞ்சொல் வில்லையும் குறிக்கும், ஒருவகை மரத்தையும் குறிக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இத்தனை இடங்களில் மரத்தின் பெயரும் வில்லின் பெயரும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. மரம்தான் வில் என்று மனிதர்கள் நினைத்திருக்கிறார்கள். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் அது தனிமர வில்லுக்கு. ஒரே கட்டையைச் செதுக்கி எடுத்த வில்லில் இழுவிசை, அமுக்கம், எல்லாமே மரத்தின் தலையில்தான். 1911இல் கலிஃபோர்னியாவில் காட்டிலிருந்து வெளியே வந்த, யாஹி இனத்தின் கடைசி மனிதர் இஷி செய்த வில், ஜூனிபர் மரத்தின் முதுகில் விலங்கின் தசைநாரை ஒட்டியது. முதுகுப் பக்க இழுவிசையை நார் வாங்கிக்கொள்ளும், அமுக்கத்தை மரம் தாங்கும். நார் வந்ததும் மரத்தின் வேலை பாதியாகிவிட்டது, கவனியுங்கள். இரண்டு பக்கமும் ஃபைபர் கிளாஸ் வந்த பிறகு நடுவில் இருக்கும் மரத்துக்கு என்ன வேலை மிச்சம்? தனிமர வில்லுக்கான தரவரிசையை அப்படியே எடுத்து வந்து கண்ணாடி நார் வில்லின் உள்மரத்துக்குப் போடுவதுதான் நானும் செய்த தவறு, நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தவறும் அதுதான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லிம்பின் ஒரு இடத்தில் மொத்தத் தடிமன் 0.300 அங்குலம் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் 0.045 அங்குலக் கண்ணாடி நார். நடுவில் 0.210 அங்குல மரம். தடிமனில் மரம் 70 சதவீதம். ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப்படி போகிறது. இரண்டு மடங்கு தடிமன் என்றால் எட்டு மடங்கு விறைப்பு. நடுவில் இருப்பது தடிமனில் பெரும்பங்காக இருந்தாலும் விறைப்பில் அதன் பங்கு சுருங்கிப்போகும், ஓரத்தில் இருப்பதுதான் பெரும்பகுதியைத் தாங்கும். அதோடு, வில்லுக்கான கண்ணாடி நார் மேப்பிளைப்போல மூன்று மடங்குக்கு மேல் விறைப்பானது. எல்லாம் சேர்த்துப் போட்டால் லிம்பின் விறைப்பில் மேப்பிள் உள்மரத்தின் பங்கு ஏழில் ஒன்று. அவ்வளவுதான். மேப்பிளை எடுத்துவிட்டு அதைவிட விறைப்பு குறைந்த சிவப்பு எல்ம் வைத்தால், அதே பவுண்ட் வரவைக்க மொத்தத் தடிமனை ஒரு தாளின் கனத்துக்கும் குறைவாகக் கூட்டினால் போதும். வில் செய்பவர் இதைக் கணக்குப் போடாமலே கையால் அறிந்து வைத்திருக்கிறார். "மரம் மாறினா நான் அரத்தாளைத் தான் மாத்துவேன்" என்பதுபோல ஒன்று சொன்னார்.

அடுத்து எடையைப் பாருங்கள். கண்ணாடி நார் கனமானது, மரத்தைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனாலும் மேலே சொன்ன அதே லிம்பில் எடைக் கணக்கு எடுத்தால் மேப்பிள் உள்மரத்தின் பங்கு கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடுகிறது, 46 சதவீதம். விறைப்பில் ஏழில் ஒன்று, எடையில் பாதி. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாள் "எந்த மரம் வலுவானது" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியது "எந்த மரம் லேசானது, லேசாக இருந்தும் விட்டுப்போகாதது" என்பதுதான்.

லேசு ஏன் அவ்வளவு முக்கியம்? நாணை விட்டதும் அம்பு மட்டும் பாய்வதில்லை, லிம்பும் பாய்கிறது. இழுத்துச் சேர்த்த ஆற்றலில் ஒரு பங்கைத் தன்னையே நகர்த்திக்கொள்ள லிம்ப் எடுத்துக்கொள்ளும். 1930களில் ஹிக்மன், கிளாப்ஸ்டெக் என்ற இரண்டு அமெரிக்க இயற்பியலாளர்கள் வில்லை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்தார்கள். அம்போடு சேர்த்து ஒரு கண்ணுக்குத் தெரியாத எடையையும் வில் எறிகிறது என்பது கிளாப்ஸ்டெக்கின் பார்வை. அந்த எடை பெரும்பாலும் லிம்பின் நுனிப் பாதியிலிருந்து வருகிறது, ஏனென்றால் வேகமாக நகர்வது நுனிதான். அடிப்பக்கம் பத்து கிராம் கூடினால் தெரியாது. நுனியில் இரண்டு கிராம் கூடினால் கைப்பிடியில் 'தட்' என்று அடிக்கும். 500 அம்பு விட்ட ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் 'தட்' மணிக்கட்டில் இருந்து முழங்கை வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும். என் இடது முழங்கை இதற்குச் சாட்சி.

மேடிசன் நகரிலுள்ள அமெரிக்க வனப்பொருள் ஆய்வகம் மரங்களை அளந்து போட்டிருக்கும் அட்டவணையில், தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் ஷேக்பார்க் ஹிக்கரி 0.72, கடின மேப்பிள் 0.63, பசிஃபிக் யூ 0.62, சிவப்பு எல்ம் 0.53, கிழக்கத்திய செந்தேவதாரு 0.47. ஓசேஜ் 0.8ஐத் தாண்டும். யூ மேப்பிளைவிட ரொம்ப லேசு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இரண்டும் ஒன்றேதான். யூவுக்கு மேப்பிளைவிட விறைப்பு குறைவு, விலை பல மடங்கு. அன்றைக்கே யூ ஆசை போய்விட்டது. தனிமர வில்லாக ஒருநாள் யூ செய்துவாங்குவேன், அதில்தான் அதற்கு மரியாதை.

அப்படியானால் 0.47 இருக்கும் தேவதாருவை வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. உள்மரத்துக்கு மிச்சமிருக்கும் உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. லிம்ப் வளையும்போது முன்தகடும் பின்தகடும் எதிரெதிர்ப் பக்கம் வழுகப் பார்க்கும். ஒரு புத்தகத்தை வளைத்தால் பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குமே, அப்படி. அந்தச் சறுக்கலை நடுவில் நின்று தடுப்பது உள்மரம். சறுக்கு விசை அதிகபட்சமாக இருப்பதும் சரியாக நடுமையத்தில்தான். மெத்தென்ற மரம் அங்கே இழைக்கு இழை பிரிந்துவிடும். ரீகர்வில் இன்னொன்றும் உண்டு: நுனி திரும்பி வளைந்திருப்பதால் லிம்ப் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். உள்மரம் முறுக்கலையும் எதிர்க்க வேண்டும். ஆக, லேசாகவும் இருக்க வேண்டும், நாருக்கு நார் விடாமல் பிடிக்கவும் வேண்டும், அதைவிட முக்கியமாகப் பசையை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

பசையைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான்கு வருடத்துக்கு முன்னால் வேறொருவரிடம் வாங்கிய வில்லில் உள்மரம் இப்பே. தென்னமெரிக்க மரம், இரும்பு மாதிரி, தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். பக்கவாட்டில் பார்த்தால் கண்ணாடி நாருக்கு நடுவே கரும்பழுப்பு வரி அவ்வளவு அழகாக ஓடும். ஒரு ஜூலை மதியம் கார் டிக்கியில் மூன்று மணி நேரம் இருந்தது. சாயங்காலம் நாண் ஏற்றி மூன்றாவது அம்பை முழுதாக இழுத்தபோது மேல் லிம்ப் துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தத்துடன் இரண்டாகப் பிளந்தது. யாருக்கும் அடிபடவில்லை. டிக்கியில் விட்டது என் தப்பு, அதைச் சொல்லிவிட வேண்டும். எப்பாக்சி சூட்டில் இளகும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் கீழே பிளவை விரித்துப் பார்த்தேன். பசை சரியாகப் பிடித்திருந்தால், பிரியும்போது மரம் கிழியும். பசையோடு சேர்ந்து மர நார் பிய்ந்து வரும், இரண்டு முகமும் சொரசொரப்பாக இருக்கும். என் லிம்பில் ஒரு முகம் வெறும் மரம், இழைத்து வைத்ததுபோல வழுவழுப்பு. மறுமுகத்தில் பசை, கண்ணாடி மாதிரி பளபளத்தது. நகத்தால் நெருடினால் பளபளப்பில் ஒரு நார்கூட இல்லை. பசை மரத்தைப் பிடிக்கவே இல்லை. இப்பேயில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைத்து, முகத்தைப் புதிதாகத் தேய்த்து, எண்ணெய் மறுபடி மேலேறி வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும். அது நடக்கவில்லை. சூடு ஒரு சாக்குதான்.

அதனால் எண்ணெய் மரங்களை உள்மரமாக வைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நன்றாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நிலைத்தும் இருக்கின்றன. ஆனால் கனமும் கூடுதல், ஆபத்தும் கூடுதல், பலன் வெறும் அழகு. அழகு வேண்டுமென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

மிச்சமிருந்தவை மேப்பிள், மூங்கில், சிவப்பு எல்ம். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் கெட்டுப்போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மேப்பிள் இங்கே பல தலைமுறையாக உள்மரம். நேரிழை, எங்கும் கிடைக்கும், பசை கேட்காமலே பிடிக்கும். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் வித்தியாசம் குறைவு, அதனால் மேல் லிம்பும் கீழ் லிம்பும் ஒரே மாதிரி வளையும். புதிதாக வில் செய்யக் கற்கிறவர்கள் மேப்பிளில்தான் தொடங்க வேண்டும், வேறு பேச்சே வேண்டாம்.

மூங்கில் மரமல்ல, புல். ஆனால் வில் விஷயத்தில் அதற்குப் பழைய உரிமை உண்டு. கொரியாவின் கொம்பு வில்லில் எருமைக் கொம்புக்கும் தசைநாருக்கும் நடுவே இருக்கும் உள்ளீடு மூங்கில்தான். சாண்ட்விச் லிம்ப் என்பது ஃபைபர் கிளாஸ் வந்த பிறகு வந்த யோசனை அல்ல. கொம்பையும் நாரையும் எடுத்த இடத்தில் கண்ணாடியை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். மூங்கிலில் வலுவான நார் எல்லாம் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கும், உள்ளே போகப்போக இடைவெளி விடும். அதனால் இன்றைக்குக் கிடைக்கும் உள்மர மூங்கில், சிறு கீற்றுகளாகப் பிளந்து, நிமிர்த்தி, பக்கம் பக்கமாக ஒட்டி, மறுபடி பட்டையாக அறுத்தது. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள்: வெளிர் மஞ்சளா, பழுப்பா. பழுப்பு என்றால் ஆவியில் வேகவைத்து நிறமேற்றியது, அதில் கொஞ்சம் கடினம் குறையும். நான் மூங்கில் எடுப்பதாக இருந்தால் வெளிரைத்தான் எடுப்பேன்.

அவருடைய கொட்டகையில் மேப்பிள் ஒன்று, மூங்கில் ஒன்று, ஒரே அச்சில் செய்த இரண்டு ஜோடி லிம்பை என் பழைய கைப்பிடியில் மாற்றி மாற்றி மாட்டி விட்டுப் பார்க்கச் சொன்னார். வேகமானியில் தெரிந்த வித்தியாசம் என் விரல் விடும் தடுமாற்றத்தைவிடக் குறைவு. காதில் தெரிந்தது. மூங்கில் கொஞ்சம் தாழ்ந்த சுருதி. அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. வேகத்துக்காக மரத்தைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பணத்தை நல்ல நாணுக்கும் ஒரே எடையுள்ள அம்புகளுக்கும் செலவழியுங்கள். பட்டையை எந்தக் கணக்கில் மெலியவிடுவது என்பதையும் வில் செய்பவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். மரத்தின் பெயரைவிட அது வில்லை அதிகம் மாற்றும்.

எல்ம் பற்றி அவர்தான் ஆரம்பித்தார். 1930 வாக்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த கட்டைகளோடு இறங்கிய ஒரு பூஞ்சை நோய் இந்தத் தேசத்து எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. தெருவின் இரு பக்கமும் நின்று மேலே கைகோத்திருந்த மரங்கள் ஒரு தலைமுறையில் காணாமல் போயின. சிவப்பு எல்மும் அதில் அடிபட்டது, ஆனால் காட்டோரம் இன்னும் முளைக்கிறது. எல்மின் இழை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளரும். விறகு பிளக்கிறவர்கள் எல்மைத் திட்டுவார்கள், கோடாலி இறங்காது. விறகுவெட்டியைப் படுத்தும் அந்தக் குணம்தான் லிம்புக்கு நடுவில் வேண்டியது. பிளக்காது, சறுக்காது, மேப்பிளைவிட ஆறில் ஒரு பங்கு லேசு.

பலகையை எடுத்து வந்து வைத்தார். செம்பழுப்பு, கோரைப்பாய் வாசனை. பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. பட்டையாக அறுத்த ஒரு துண்டின் விளிம்பில் ஊற்றுப்பேனாவால் ஒரு சொட்டு மை வைத்தார். மை இழையைப் பிடித்துக்கொண்டு நீளமாக ஓடும். கண்ணுக்கு நேராகத் தெரியும் மரத்திலும் இழை எங்கே திரும்புகிறது என்பதை மை காட்டிக்கொடுத்துவிடும். முதல் துண்டில் மை இரண்டு அங்குலம் ஓடி விளிம்பைத் தாண்டி மேல்முகத்துக்கு ஏறியது. ஒரு வார்த்தை பேசாமல் அதை அடுப்பு விறகுக் கூடையில் போட்டார். இரண்டாவதும் அப்படியே. நான்காவது துண்டில்தான் மை விளிம்போடு இணையாக, கோடு கிழித்ததுபோல ஓடியது. அதன் மூலையில் என் பெயரின் முதல் எழுத்தைப் பென்சிலால் எழுதினார். ஐந்து வாரமாக மரத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரே மரத்தின் நான்கு துண்டில் மூன்றைக் கழித்தார். அன்றைக்கே எல்ம் என்று சொல்லிவிட்டேன்.

அழகுக்கு வழி சொல்கிறேன் என்றேனே. ஒளி ஊடுருவும் ஃபைபர் கிளாஸுக்கு அடியில் மெல்லிய மேல்மரத் தகடு ஒன்றை ஒட்டலாம். அது எந்த மரமாக இருந்தாலும் எடை அவ்வளவாக ஏறாது. அதில் ஓசேஜைக் கேட்டேன். புதிதாக இழைத்த ஓசேஜின் மஞ்சளை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மஞ்சள் கிழங்கை உரசியதுபோல இருக்கும். அதையும் அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டச் சொன்னேன். அவர் சிரித்தார், எப்போதும் துடைப்பாராம்.

பிப்ரவரியில் வில் வந்தது. 27 அங்குலத்தில் 40 பவுண்டுக்கு அரை பவுண்ட் குறைவு, எனக்கு அது போதும். சமையலறைத் தராசில் ஒரு லிம்பை வைத்தேன். அதே அச்சில் அதே பவுண்டுக்குச் செய்த மேப்பிள் லிம்பின் எடையை முன்பே கேட்டு எழுதி வைத்திருந்தேன். என்னுடையது 11 கிராம் குறைவு. கைப்பிடியில் அந்தத் 'தட்' இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது, ஆனால் மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது.

ஓசேஜ் வெயில் பட்டால் மஞ்சள் போய்ப் பழுப்பாகிவிடும், அது அதன் இயல்பு. வில்லை முன்னறை ஜன்னலோரம் நாண் இறக்கித் தொங்கவிட்டிருக்கிறேன். மேல் லிம்ப் ஏற்கெனவே தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. கீழ் லிம்ப் ஜன்னல் சட்டத்தின் நிழலில் இருப்பதால் இன்னும் முதல்நாள் மஞ்சள். ஞாயிறுதோறும் தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடுகிறேன்.